பூஜையில் வைத்த சாவி

கதவுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியதை முதலில் பார்த்தவள் மதுவந்திதான். மகேஷின் கண் கீபோர்டில் இருந்தது.

"மகேஷ்தா, லைட் ரெட்டாயிடுத்து."

"இருக்கட்டும். இப்ப திரும்பிடும்."

திரும்பவில்லை. அவன் மானிட்டரைப் பார்த்தான். அனுப்பிய கட்டளைக்குப் பதில் வரவில்லை. இன்னொரு முறை அனுப்பினான். அதற்கும் இல்லை. கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றிக்கொண்டு கதவருகே போய் வைத்துப் பார்த்தான். கதவு இரண்டு முறை கோபமாகக் கூவிவிட்டு மூடியபடியே இருந்தது. சுவரில் இருந்த வெள்ளைப் பொத்தானை அமுக்கினான். அது அமுங்கியது. அவ்வளவுதான்.

அன்றைக்கு விஸ்வகர்மா பூஜை, கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கும்பிடும் லீவு நாள். வங்காளத் தலைநகரின் ஓரத்தில், நியூ டவுனில், அந்தக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சின்னச் சின்னக் கடைகள், நர்சிங் ஹோம்கள் இவற்றின் கணக்குகளைத் தன் சர்வர்களில் வைத்துக் காப்பாற்றும் கம்பெனி அது. மகேஷ் அங்கே பன்னிரண்டு வருஷமாக இருப்பவன். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். மதுவந்தி சேர்ந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. நகரத்துக்குள் கரியாஹாட் பேட்டையைச் சேர்ந்தவள், தமிழைவிட வங்காளி சரளமாகப் பேசுகிறவள். ஆபீஸில் எல்லாரையும் போல அவளும் அவனை 'மகேஷ்தா' என்று அண்ணனாக்கிக் கூப்பிட்டாள். சர்வர் அறையில் தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது, இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. மானேஜர் சென்குப்தா லீவு நாள்தான் தோது என்று சொல்லி, எல்லா மிஷின்களின் நெட்வொர்க் முகவரியையும் மாற்றும் வேலையை இருவர் தலையிலும் கட்டிவிட்டு பூரி கோயிலுக்குப் போய்விட்டார்.

நடந்தது என்னவென்று மகேஷுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அந்த அறையில் இருந்த பெரிய இரும்புப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. உடம்பில்லாத கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குத் தனித் திரை கிடையாது, தனி ஸ்விட்ச் கிடையாது. பெட்டியை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே இருப்பவற்றை கெஸ்ட் என்பார்கள். அந்த கெஸ்டுகளில் ஒன்றுதான் அறைக் கதவின் காவல்காரன். யார் கார்டு வைத்தாலும் கதவு அதனிடம் கேட்டுத்தான் திறக்கும். செலவை மிச்சம் பிடித்த காண்டிராக்டர், உள்ளே இருப்பவர்கள் வெளியே போகும் பொத்தானையும் அதனிடமே கேட்கும்படி வயர் இழுத்திருந்தார். கரண்ட் போனாலும் கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள், திருட்டுப் பயம்.

அந்தக் காவல்காரனுக்குத்தான் மகேஷ் இப்போது தப்பான முகவரியைக் கொடுத்துவிட்டான். வீட்டு நம்பர் மாறிய ஆளுக்குத் தபால் போகாதது போல, கதவு கேட்கும் கேள்வி அதற்குப் போகவில்லை. அவன் அனுப்பும் கட்டளையும் போகவில்லை.

"மணி என்ன, மகேஷ்தா?" என்றாள் மதுவந்தி. குரல் சரியில்லை.

"பதினொண்ணு ஆகப் போவுது. ஏன்?"

"பன்னெண்டு மணிக்குள்ள நான் ஆத்துல இருக்கணும்."

"காலையிலேயே சொன்னியே. அதான் நானும் அவசரமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவசரப்பட்டது அவன். அந்தப் பழியை அவள் மேல் வைப்பானேன்? "ஒண்ணும் பிரச்சினை இல்ல மது. இதுக்குன்னே எமர்ஜென்சி சாவி இருக்கு."

கதவை ஒட்டிச் சுவரில் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி. அதற்குள் ஆணியில் ஒரு சாவி தொங்கும். கதவின் அடியில் உள்ள துளையில் அதைப் போட்டுத் திருப்பினால் எந்தக் கம்ப்யூட்டரையும் கேட்காமல் பூட்டு விட்டுவிடும். மகேஷ் பெட்டியைத் திறந்தான்.

ஆணி மட்டும் இருந்தது.

அவன் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றான். முந்தின நாள் சாயங்காலம் அவனே செய்த காரியம் கண்முன் வந்தது. அவனுடைய அப்பா சண்முகம் கரக்பூர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். விஸ்வகர்மா பூஜைக்கு ஸ்பானர், சுத்தியல், லேத் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். ஒரு கருவிகூட விட்டுப்போகக் கூடாது, விட்டுப்போனது வருஷம் முழுக்கக் கோபித்துக்கொண்டிருக்கும் என்பார். அந்தப் பழக்கம் மகேஷுக்கு ரத்தத்தில் இருந்தது. ரிசப்ஷனில் விஸ்வகர்மா படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து ஸ்க்ரூ டிரைவர்கள், கேபிள் அடிக்கும் கருவி, டெஸ்டர் எல்லாவற்றையும் அடுக்கியவன், கடைசியாக இந்த அறைக்கு வந்து ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பார்த்தான். சாவியும் கருவிதானே என்று தோன்றியது. எடுத்துப்போய், சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நடுவிலே படுக்க வைத்தான். பூஜை முடிந்து மறுநாள் வரை தொடக் கூடாது.

"சாவி இல்லையா?"

"இல்ல," என்றான். அடுத்த வார்த்தை அவனை அறியாமல் வந்தது. "யாரோ எடுத்திருக்காங்க."

மதுவந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தரைக்கடியில் குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டிருந்தது. மிஷின்களின் விசிறி இரைச்சலில் பேசினால் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். சுவரெல்லாம் தகடு அடித்த அறை. செல்போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. வெளி இணைப்பைப் பாதுகாப்புக்காக முதலிலேயே, அறைக்கு வெளியே வராந்தாவில் உள்ள பெட்டியில் மகேஷ் பிடுங்கி வைத்திருந்தான். மெயில் அனுப்பவும் வழியில்லை. கதவைத் தட்டினார்கள். இருவரும் சேர்ந்து உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். கீழே ஆட்டோ ஸ்டாண்டில் வைத்திருந்த பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கிதான் எங்கோ ஆழத்திலிருந்து தம் தம் என்று பதில் சொன்னது. காவலாளியும் அங்கேதான் இருப்பான்.

"கவிதா தேடுவா," என்றான் மகேஷ், அவளைத் தேற்றுவது போல. கவிதா அவன் மனைவி. "ராத்திரிக்குள்ள வரலைன்னா போன் போட்டு ஊரைக் கூட்டிடுவா."

"ராத்திரி வரைக்கும் முடியாது மகேஷ்தா." அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "அப்பாவை உள்ள வச்சுப் பூட்டிண்டு வந்திருக்கேன்."

அவளுடைய அப்பா மஹாதேவன் பாங்கில் பெரிய ஆபீசராக இருந்து ரிடையரானவர் என்பது மகேஷுக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது.

"ரெண்டு வருஷமா அவருக்கு ஞாபகம் சரியில்லை. வெளில போனா திரும்பி வரத் தெரியாது. ஒரு தடவை காளிகாட் மெட்ரோல உக்காந்துண்டு இருந்தார், செருப்பில்லாம. ஆயா இன்னிக்கு லீவு. நீங்க வான்னேள், ப்ரொபேஷன்ல இருக்கறவ மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு மணி நேரம்தானேன்னு வாசல்ல இருக்கற கம்பி கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டிட்டு வந்துட்டேன். காலம்பற இன்சுலின் போட்டாச்சு. பன்னெண்டு, பன்னெண்டரைக்குள்ள சாப்பிடணும். சாதம் மேஜைல மூடி வச்சிருக்கேன். ஆனா யாராவது சாப்பிடுங்கோன்னு சொல்லணும், இல்லேன்னா அவருக்குத் தெரியாது. சுகர் இறங்கிடுத்துன்னா மயக்கம் போட்டுடுவார்."

அவள் பையை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்ல சாவி குடுத்திருக்கலாமே?"

"ரெண்டு சாவியும் என் பையிலதான் இருக்கு," என்றாள்.

மகேஷ் மானிட்டர் இருந்த தள்ளுவண்டிக்குத் திரும்பினான். முருகா என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டான். பிறகு இருக்கிற வழிகளை எண்ணிப் பார்த்தான்.

"அந்த கெஸ்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா?" என்றாள் மதுவந்தி, எழுந்து வந்து.

"அதை மட்டும் பண்ணக் கூடாது. அதோட டிஸ்க் பூட்டு போட்டது. எழுந்திரிக்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேக்கும். அது சென்குப்தாகிட்ட இருக்கு. சென்குப்தா பூரியில இருக்காரு. ஆஃப் பண்ணா செத்துது."

"அப்ப?"

"கன்சோல்."

வாசல் வழி அடைபட்டுப் போன வீட்டுக்குக் கொல்லைக் கதவு இருப்பது போல, நெட்வொர்க் இல்லாமலே கெஸ்டுக்குள் போக ஒரு வழி உண்டு. ஹோஸ்டிலிருந்து நேராக உள்ளே நுழைகிற வழி. மகேஷ் கட்டளையைத் தட்டினான். இணைந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே வெற்றுத் திரை.

எண்டர் அடித்தான். ஒன்றும் இல்லை. இன்னும் நாலைந்து தடவை அடித்தான். யார் நீ என்று அது கேட்க வேண்டும், பெயர் கேட்க வேண்டும், பாஸ்வேர்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை. கறுப்புத் திரையில் கர்சர்கூடக் கண் சிமிட்டாமல் கிடந்தது.

"கேள்வி வந்து திரையில தெரியலையோ என்னமோ," என்று முணுமுணுத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் பெயரை அடித்தான், பாஸ்வேர்டை அடித்தான். அப்போதும் ஒன்றும் இல்லை. வெளியே வந்து, ஹோஸ்டில் அந்த கெஸ்டின் அமைப்பைத் திறந்து பார்த்தான். கன்சோல் வைத்திருக்கிறது. கெஸ்ட் ஓடிக்கொண்டும் இருக்கிறது. திரும்ப உள்ளே போனான். அதே கறுப்பு. ஒரு வீட்டுக்குள் விளக்கு எரிவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, கதவைத் தட்டினால் யாரும் வரவில்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"கெஸ்டுக்குள்ள கன்சோலை யாரும் ஆன் பண்ணலையோ?" என்றான். "அப்படின்னா நாம ஒண்ணும் செய்ய முடியாது."

மதுவந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்த விதம் அவனுக்கு விசித்திரமாகப் பட்டது.

மணி பன்னிரண்டை நெருங்கியது, குளிர் ஏறிக்கொண்டே போனது. ஏ.சி.யைக் குறைக்கும் ரிமோட்டும் வெளியே. மகேஷ் மறுபடி ஹோஸ்டுக்கு வந்து, வேறென்ன செய்யலாம் என்று யோசித்தபடி மேல் அம்புக்குறியைத் தட்டினான். முன்னால் அங்கே அடிக்கப்பட்ட கட்டளைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. அவனுடையவை. அவனுடையவை. அவற்றுக்கு அடியில், போன வாரத் தேதியில், இதே கன்சோல் கட்டளை. அது அவன் அடித்ததல்ல. ஹோஸ்டுக்குள் போகும் பாஸ்வேர்டு சென்குப்தாவுக்கு உண்டு. ஆனால் அவர் கீபோர்டைத் தொட்டு வருஷங்கள் ஆயின. மீதி ஒரே ஒரு ஆள்தான்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் உள்ளே போய் எதையோ குழப்பி வைத்திருக்கிறாள். இத்தனை நேரம் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. என்ன பண்ணித் தொலைச்சே என்ற வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

வந்த வார்த்தையை அங்கேயே நிறுத்தியது எது என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. கதவருகே திறந்தபடி கிடந்த சிவப்புப் பெட்டியும், அதற்குள் வெறும் ஆணியும் கண்ணில் பட்டன. அதுவாக இருக்கலாம். இல்லையென்றால் போன மாதம் அவள் ஏதோ சந்தேகம் கேட்க வந்தபோது, "எல்லாத்தையும் ஊட்டி விடணுமா? தேடிப் பாரு, கிடைக்கும்," என்று நாலு பேர் முன்னால் தான் சொன்னதும், அவள் சிரித்து மழுப்பிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்திருக்கலாம். அதற்கப்புறம் அவள் அவனிடம் எதுவும் கேட்க வந்ததில்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வாயைத் திறந்தான். வேறொன்று வந்தது.

"மது, அந்தச் சாவியை யாரோ எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

அவள் திரும்பினாள்.

"நேத்து பூஜைக்கு எல்லாத்தையும் அடுக்கினேன் இல்ல, அப்ப அதையும் கொண்டுபோய் விஸ்வகர்மா முன்னால வச்சிட்டேன். பொட்டெல்லாம் வச்சேன். நல்லா அலங்காரமா இருக்குது அங்க. இந்தக் கதவுக்கு அந்தாண்ட."

மதுவந்தி அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எமர்ஜென்சி சாவிக்கு சந்தனம் வச்சேளா?"

"குங்குமமும்."

"தூர் பாபா, போங்கோ! ஆபீஸ்ல சொன்னா ஒரு வருஷத்துக்கு ஓட்டுவா."

"ஓட்டட்டும். முதல்ல வெளிய போவோம், அப்புறம் ஓட்டட்டும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கரியாஹாட்டில் ஒரு மனிதர் சாப்பிடாமல் இருந்தார்.

"மகேஷ்தா, அந்த கன்சோல் ஏன் அப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன்." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "போன வாரம் நான் உள்ள போனேன். நம்ம லதா தீதி இல்லையா, காலம்பற தரை துடைக்க வருவாளே, அவ கார்டு வேலை செய்யல. ஆறரைக்கே வந்துட்டு, யாராவது வந்து திறக்கற வரைக்கும் லிஃப்ட் பக்கத்துல நின்னுண்டே இருப்பா. ரெண்டு தடவை சென்குப்தா சார்ட்ட சொன்னேன். அவசரம் இல்லைன்னுட்டார். சரி, நாமளே லிஸ்ட்ல அவ பேரைச் சேத்துடலாம்னு போனேன். சேத்தேன். சேத்துட்டு, சேவ் பண்ண கண்ட்ரோல் எஸ் அடிச்சேன்."

மகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ட்ரோல் எஸ்."

"வேர்டுல பழக்கம். அப்படியே உறைஞ்சு போச்சு. எது அடிச்சாலும் அசையல. வெளில வரவும் தெரியல. மிஷினையே கெடுத்துட்டேன்னு நினைச்சேன். திரையில இருந்த அந்த ஜன்னலை மூடிட்டு ஆத்துக்குப் போயிட்டேன். மறுநாள் எல்லார் கார்டும் வேலை செஞ்சுது, அதனால சும்மா இருந்துட்டேன். உங்ககிட்டே கேக்கலாம்னு..." என்று சொல்லி நிறுத்தினாள்.

"கேட்டிருந்தா தேடிப் பாருன்னு சொல்லியிருப்பேன்," என்றான் மகேஷ். "வா இங்க. உக்காரு. நீயே அடி."

"நானா?"

"நீ ஒண்ணையும் கெடுக்கல மது. பழைய காலத்து வழக்கம் அது. கண்ட்ரோல் எஸ் அடிச்சா, 'கொஞ்சம் நிறுத்து, நான் சொல்ற வரைக்கும் எதுவும் காட்டாத'ன்னு அர்த்தம். அது பாவம், ஒரு வாரமா நிறுத்திக்கிட்டு உக்காந்திருக்குது. நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டு."

"இப்போ என்ன சொல்லணும்?"

"கண்ட்ரோல் க்யூ. போதும், இனிமே காட்டுன்னு."

அவள் கன்சோலுக்குள் போனாள். கறுப்புத் திரை. இரண்டு விரலால் மெதுவாக அமுக்கினாள்.

மடை திறந்த மாதிரி திரை நிறைந்தது. வரிசையாகப் பெயர்கள், கார்டு நம்பர்கள். கடைசியில் லதாவின் பெயர். அதன் கீழே, மகேஷ் வெறுமனே தட்டிய எண்டர்களெல்லாம் வெற்று வரிகளாக. அவற்றுக்கும் கீழே, ஒளிவு மறைவே இல்லாமல், அவன் குருட்டாம்போக்கில் அடித்த பெயர். அதற்கடுத்த வரியில் பாஸ்வேர்டு.

மதுவந்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "முருகாதுணை..."

"படிக்காத."

"பின்னாடி ஒரு நம்பர் வேற."

"மது, மாத்திடப் போறேன். படிக்காத."

அந்த வெற்று வரிகளையும் தன் வெட்கத்தையும் அவன் அழித்தான். லதாவின் வரியை அழிக்கவில்லை. அதை மட்டும் வைத்து, சேமிப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டிச் சேமித்தான். கெஸ்ட் தன் கட்டளை வரியோடு அவர்கள் முன்னால் வந்து நின்றது. அதன் முகவரியைக் கேட்டான். காட்டியது. ஓர் இடத்தில் ஒன்றுக்குப் பதில் ஏழு விழுந்திருந்தது. திருத்தினான். இந்த முறை அவளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எண்டர் அடித்தான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவுக்குள் எங்கோ டக் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு.

மதுவந்தி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் தள்ளியவள், பிடித்தபடியே திரும்பினாள். "அந்த கன்சோல்லேர்ந்து வெளில வர்றது எப்படி, மகேஷ்தா? மறுபடியும் அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது."

"உள்ள போகும்போதே முதல் வரியில சொல்லுது. யாரும் படிக்கிறதில்ல. நானும் முதல் தடவை படிக்கல. பக்கத்துல இருந்த ஒருத்தர்தான் சொன்னாரு." லாகவுட் செய்துவிட்டு, கண்ட்ரோலோடு சதுர அடைப்புக்குறியை அமுக்கினான். "இவ்ளோதான். கதவைப் பிடிச்சுக்கிட்டே நில்லு, விட்டுடாத."

ரிசப்ஷனில் சாவி அவன் வைத்த இடத்தில் இருந்தது, ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே, பொட்டோடு. நாளை வரை தொடக் கூடாது. மகேஷ் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். உலகத்தையே கட்டியவருக்கு ஒரு கதவின் அவசரம் தெரியாதா என்று தோன்றியது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தான்.

லிஃப்டில் சிக்னல் வந்ததும் மதுவந்தி வீட்டுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பக்கத்து வீட்டுக்குப் பண்ணேன்."

"நம்பர் இல்லை. தத்தா மாஷிமான்னு வயசான மாமி ஒருத்தர் இருக்கார். அப்பா ஒரு நாள் அவாத்துக்குள்ள போய், யார் உங்களை பாங்குக்குள்ள விட்டதுன்னு சத்தம் போட்டார். அன்னிலேர்ந்து நான் மாமி மூஞ்சில முழிக்கறதில்லை. அவர் எத்தனையோ தடவை பேச வந்தார்."

மகேஷ் அவளைத் தனியாக அனுப்பவில்லை. வந்த கேப்பில் அவனும் ஏறிக்கொண்டான். பைபாஸில் வழியெங்கும் ரிக்‌ஷா ஸ்டாண்டுகளிலும் பட்டறைகளிலும் விஸ்வகர்மா யானை மேல் உட்கார்ந்திருந்தார். வானத்தில் பட்டங்கள். ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்காகவே சிவப்பாகக் காத்திருந்தது. மதுவந்தி பையிலிருந்த சாவி வளையத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கையில் அதன் அச்சு விழுந்தது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மகேஷ் டிரைவரிடம், "அண்ணா, வீட்டில் பெரியவர் தனியாக இருக்கிறார்," என்று வங்காளியில் சொன்னான். டிரைவர் தலையைத் திருப்பாமல் பாட்டை அணைத்தார். ரூபி சந்திப்பில் யாருக்கும் தெரியாத ஒரு சந்துக்குள் திருப்பினார்.

மூன்றாம் மாடிக்கு அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். கடைசி வளைவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மகேஷ் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

இழுத்துப் பூட்டிய கொலாப்சிபிள் கேட்டுக்கு உள்ளே மஹாதேவன் நின்றுகொண்டிருந்தார். சட்டையின் மேல் பட்டன் வரை போட்டு, கையில் ஒரு பேனா. கேட்டுக்கு வெளியே, ஒரு பிரம்பு முக்காலியில், நரைத்த தலையும் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையுமாக ஓர் அம்மாள். அவள் மடியில் செய்தித்தாளைச் செக் அளவில் கிழித்த துண்டுகள்; பக்கத்தில் ஒரு தட்டில் லுச்சி, வங்காளத்து மைதா பூரி.

"கையெழுத்து ஒத்துப் போகவில்லை, மேடம்," என்று மஹாதேவன் வங்காளியில் கண்டிப்பாகச் சொல்லி, கம்பிகளுக்கிடையே ஒரு துண்டை நீட்டினார். "இன்னொரு தடவை போடுங்கள்."

"போடுகிறேன், மேனேஜர் பாபு. நம் ஒப்பந்தப்படி முதலில் இது." அந்த அம்மாள் ஒரு லுச்சியைச் சுருட்டி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து, கம்பி இடுக்கில் நீட்டினாள். தட்டு அந்த இடுக்கில் நுழையாது. அவர் வாங்கி, கவனமாக மென்று சாப்பிட்டார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"மாஷிமா," என்றாள் மதுவந்தி.

"வா. ஏன் ஓடி வருகிறாய், மூச்சு வாங்குகிறதே?" தத்தா மாஷிமா எழுந்திருக்க முயன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திரும்ப உட்கார்ந்தாள். "உன் அப்பா கேட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். பாங்க் திறந்துவிட்டது, கஸ்டமரே காணோம் என்றார். சரி, நான் கஸ்டமர் என்றேன். ரொம்பக் கறாரான ஆபீசர், அம்மா. காலையிலிருந்து என் கையெழுத்து தேறவே இல்லை. நானும் ஒரு விதி போட்டேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு லுச்சி."

"அப்பா... அன்றைக்கு உங்களை..."

"என்னை பாங்கிலிருந்து விரட்டினார். ஆமாம். இன்றைக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்துவிட்டாரே." அவள் சிரித்தாள்.

மதுவந்தி பூட்டைத் திறந்தாள். கேட்டு கிறீச்சென்று மடங்கியது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது, வேர்க்கவில்லை, நடுங்கவில்லை. மஹாதேவன் மகளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சாவி வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சாவியும் உன்கிட்டேயா இருக்கு?" என்றார் தமிழில்.

"ஆமாம்ப்பா."

"யார் பர்மிஷன் குடுத்தா? ஸ்ட்ராங் ரூம் சாவி ரெண்டும் ஒருத்தர்ட்ட இருக்கப்படாது. ஒண்ணு நீ வச்சுக்கோ. இன்னொண்ணு இன்னொரு ஆபீசர்ட்ட. அதுதான் ரூல். இல்லேன்னா உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் திறப்பா?"

மகேஷ் சுவரில் சாய்ந்துகொண்டான். மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மதுவந்தி வளையத்திலிருந்து ஒரு சாவியை உருவினாள். நகம் மடங்கியது, வளையம் லேசில் விடவில்லை. உருவி, குனிந்து, மாஷிமாவின் கைக்குள் வைத்தாள்.

"இதற்கு எத்தனை நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா," என்றாள் மாஷிமா. புடவைத் தலைப்பின் நுனியில் அவள் வீட்டுச் சாவிக்கொத்து முடிந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து, இந்தச் சாவியையும் அதோடு சேர்த்து, இறுக்கி முடிந்து, தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சாப்டேளா?" என்று மஹாதேவன் மகேஷைக் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்போ க்யூல நில்லுங்கோ," என்றார் அவர், லுச்சித் தட்டைக் காட்டி.